குழந்தைகளின் காய்ச்சல்: ஏறும் நாளும் இறங்கும் நாளும்

காய்ச்சல் தனியொரு நோயன்று. உடல் கிருமிகளை எதிர்கொள்ளும் வழிகளுள் அதுவும் ஒன்று. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பதும், அதனுடன் சில வேளைகளில் காய்ச்சல் வருவதும் இயல்பே. இவற்றுள் பெரும்பாலானவை வைரஸ் கிருமிகளால் வருபவை, தாமாகவே தணிபவை.

ஆயினும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வரும் பெற்றோர் பலர் முதலில் கேட்பது, "ஊசி போட வேண்டாமா?" என்பதே. நாங்கள் அறிய விரும்புவது வேறு. இன்று காய்ச்சலின் எத்தனையாவது நாள்? குழந்தை கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தது? சூடு தணிந்திருக்கும் வேளையில் விளையாடுகிறதா? வெப்பமானி காட்டும் எண்ணைவிட இம்மூன்று கேள்விகளுக்கான பதில்களே நோயின் போக்கைத் தெளிவாகக் காட்டுகின்றன.

வெப்பம் ஏறும்போது

அக்குளில் டிஜிட்டல் வெப்பமானியை வைத்து அளக்கையில் 99.5 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் இருந்தால் அது காய்ச்சல். உடலின் வெப்ப அளவை மூளையின் ஒரு பகுதி நிர்ணயிக்கிறது. கிருமி நுழைந்ததும் மூளை அந்த அளவை உயர்த்துகிறது. புதிய அளவை எட்டும்வரை தோலுக்குச் செல்லும் இரத்தம் குறைக்கப்படுவதால் நெற்றியும் வயிறும் கொதிக்க, கைகால்கள் மட்டும் சில்லென்று இருக்கும், குழந்தை நடுங்கும். சற்று நேரத்தில் கைகால்களும் சூடாகிவிடும். இதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

அந்த நடுக்கத்தைக் கண்டு கம்பளியால் இறுகப் போர்த்தினால் வெப்பம் வெளியேற வழியின்றிப் போகும். குளிர்ந்த நீரால் துடைத்தால் தோலின் இரத்தக் குழாய்கள் மேலும் சுருங்கி நடுக்கம் கூடும். மெல்லிய பருத்தி உடையும் காற்றோட்டமான அறையும் போதுமானவை. துடைக்க விரும்பினால் வெதுவெதுப்பான நீரைப் பயன்படுத்துங்கள். குழந்தை அழுதால் விட்டுவிடுங்கள்.

பாராசிட்டமால்: எடைக்கேற்ற அளவு

மருந்தின் நோக்கம் வெப்பமானியை 98.6-க்குக் கொண்டுவருவதன்று, குழந்தையின் உடல்வலியையும் சோர்வையும் குறைப்பதே. 101 டிகிரியிலும் சிரித்து விளையாடும் குழந்தையை எழுப்பி உட்கார வைத்து மருந்து புகட்ட வேண்டியதில்லை. ஒரு வேளைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது அளவு. இரு வேளைகளுக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேரமும், 24 மணி நேரத்தில் நான்கு வேளைக்கு மிகாமலும் இருக்க வேண்டும்.

பிழை நேர்வது பெரும்பாலும் புட்டியில்தான். கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸ் மருந்தில் ஒரு மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் பாராசிட்டமால் உள்ளது. சிரப்பில் ஐந்து மில்லிலிட்டரில் 125 அல்லது 250 மில்லிகிராம் இருக்கும். அதாவது, ஐந்து மில்லி சிரப் கொடுக்க வேண்டிய இடத்தில் ஐந்து மில்லி டிராப்ஸ் கொடுத்தால் 500 மில்லிகிராம் உள்ளே போய்விடும். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது ஏறத்தாழ நான்கு மடங்கு. வீட்டுக் கரண்டியும் பாலாடையும் மருந்தளக்கும் கருவிகள் அல்ல. புட்டியுடன் வரும் அளவுமூடியையோ ஊசியில்லாத சிரிஞ்சையோ பயன்படுத்துங்கள். ஆஸ்பிரின் குழந்தைகளுக்கு ஆகாது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு நிமெசுலைடு கொடுப்பது 2011 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. சென்ற முறை மீந்த ஆன்டிபயாடிக்கைத் தாமாகக் கொடுப்பதும் வேண்டாம். வைரஸ் மீது அது வேலை செய்யாது.

சாதாரண வைரஸ் காய்ச்சல் முதல் இரண்டு நாட்கள் உயர்ந்து, மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் அடங்கும். இருமல் இரண்டு வாரம் வரை நீடிக்கலாம்; பசி திரும்ப ஒரு வாரம் ஆகலாம். "லங்கணம் பரம ஔஷதம்" என்று பாட்டிமார் சொல்வதைக் குழந்தைகளுக்குப் பொருத்த வேண்டாம். தாய்ப்பாலைத் தொடருங்கள். கஞ்சி, இட்லி, மோர் என விரும்புவதைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள். ஓரிரு நாள் விட்டு மீண்டும் காய்ச்சல் வந்தால் காதிலோ நுரையீரலிலோ புதிய தொற்று ஏற்பட்டிருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

காய்ச்சல் இறங்கும் நாள்

மழைக்காலத்தில் பெற்றோர் பெரிதும் ஏமாந்துபோவது இங்கேதான். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்தில், நான்கு வயதுச் சிறுவனை நாள்தோறும் அழைத்துவரும்படி அவன் தந்தையிடம் சொல்லியிருந்தேன். மூன்று நாட்கள் வந்தார். நான்காம் நாள் வரவில்லை. அன்றிரவு சிறுவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். "காலையிலேயே காய்ச்சல் விட்டுவிட்டது சார், தூங்குகிறான் என்றுதான் நினைத்தோம்" என்றார். உடலில் சூடில்லை, கைகால்கள் பனிக்கட்டிபோல் இருந்தன. மதியத்திலிருந்து சிறுநீர் கழிக்கவில்லை. அது டெங்கு. உடனே நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பினோம், பிழைத்துக்கொண்டான்.

டெங்குவில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது வருவதில்லை. பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும்போதே தொடங்கி ஒன்றிரண்டு நாட்கள் நீடிக்கிறது. அப்போது நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேர்கிறது. இரத்தம் கெட்டியாகி, ஓட்டம் தளர்கிறது. பலரும் தட்டணுக்களின் எண்ணிக்கையை மட்டுமே விசாரிக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தை விளைவிப்பது பெரும்பாலும் இந்தக் கசிவே.

ஆகவே கைகால் சில்லிடுவதை இருவகையாகப் பிரித்தறியுங்கள். உடல் கொதிக்கையில் சில்லிட்டுப் பின் சூடானால் அது காய்ச்சல் ஏறும் அறிகுறி. உடல் சூடு தணிந்த பின்னும் கைகால்கள் சில்லென்றே இருந்து, குழந்தை துவண்டோ அமைதியின்றியோ காணப்பட்டால் அது அவசரம். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு, ஆறு மணி நேரத்திற்கு மேல் சிறுநீர் கழியாமை ஆகியவையும் அவ்வாறே. டெங்கு ஐயம் இருக்கும்போது இபுப்ரோஃபென் கூடாது. தசையில் போடும் ஊசியும் தவிர்க்கப்பட வேண்டும். நன்றாகத் தேறும் குழந்தையை அடையாளம் காண்பது எளிது: காய்ச்சல் விட்டதும் தானே எழுந்து உணவு கேட்கும்.

காத்திருக்கக் கூடாத நிலைகள்

இரண்டு மாதத்திற்குட்பட்ட சிசுவுக்குக் காய்ச்சல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். எந்த வயதிலும் குழந்தை பால் குடிக்க இயலாமற் போனாலும், உண்டதையெல்லாம் வாந்தி எடுத்தாலும், எழுப்பினாலும் விழிக்காவிட்டாலும், மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்குக் கீழே உள்வாங்கினாலும் அதே நாளில், அதே மணியில் கிளம்புங்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது சட்டையை விலக்கி ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணலாம். இரண்டு மாதத்திற்குள் 60, பின் ஒரு வயது வரை 50, அதன் பின் ஐந்து வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் நுரையீரல் தொற்று இருக்கக்கூடும்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள சில குழந்தைகளுக்குக் காய்ச்சலின்போது வலிப்பு வரலாம். காண்பதற்கு அச்சமூட்டினாலும் பெரும்பாலும் ஐந்து நிமிடங்களுக்குள் நின்றுவிடும், மூளையைப் பாதிப்பதில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் கரண்டியோ விரலோ தண்ணீரோ வேண்டாம். கையில் சாவியைத் திணிப்பதால் பயனில்லை. ஐந்து நிமிடங்களைக் கடந்தால் 108-ஐ அழையுங்கள். வலிப்பு நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரவில் ஐயம் எழுந்தால் 104 என்ற எண்ணில் ஆலோசனை பெறலாம். மருத்துவமனைக்கு வரும்போது கொடுத்த மருந்துப் புட்டிகளையும் தடுப்பூசி அட்டையையும் உடன் கொண்டுவாருங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியை அந்த அட்டையின் ஓரத்தில் குறித்து வைத்தால் போதும்.