புட்வால்வில் கோளாறா? குழாயைத் தூக்குமுன் பாருங்கள்

பூந்தமல்லி, திருமழிசை, நேமம் பக்கம் திறந்த கிணற்றை நம்பிக் கீரையும் பூவும் பயிரிடுவோர் கோடையில் படும் தொல்லை இது. காலையில் மோட்டாரைப் போட்டால் சத்தம்தான் வருகிறது, தண்ணீர் வருவதில்லை. உடனே ஆள் கூட்டிக் குழாயைக் கழற்றி மேலே தூக்குகிறார்கள். பாதி நாள் போய்விடும். கோளாறு வேறிடத்தில் இருந்தால் கூலியும் வீண்.

முதலில் மெயினை அணைத்துவிட்டு, பம்பின் தலையிலுள்ள மூடியைத் திறந்து தண்ணீரை நிரம்ப ஊற்ற வேண்டும். கால் மணி நேரம் பொறுத்திருங்கள். மட்டம் இறங்கினால், பம்பிலிருந்து கிணற்று நீர் வரை குழாயைக் கண்ணால் பாருங்கள். இணைப்பிலோ கிளாண்டிலோ சொட்டினால் கோளாறு அங்கேதான். பாக்கிங்கை மாற்றினால் போதும். வெளியே எங்கும் சொட்டாமல் மட்டம் இறங்கினால் பெரும்பாலும் புட்வால்வுதான். வாஷர் தேய்ந்திருக்கும், இல்லையேல் மணலோ குச்சியோ சிக்கியிருக்கும்.

மட்டம் இறங்கவில்லை, ஆனாலும் நீர் குறைவு என்றால் சல்லடை அடைத்திருக்கலாம். கிணற்று நீர் பம்புக்கு 22 அடிக்கும் கீழே போயிருந்தால் நல்ல வால்வும் உதவாது. பம்பைத்தான் கீழே இறக்க வேண்டும்.

சாணியைக் கரைத்து ஊற்றி ஓட்டுவது நம் வழக்கம். அன்றைய பாய்ச்சலுக்கு அது கைகொடுக்கும். அதையே நம்பியிருந்தால் ஒருநாள் பம்பு வெறுமனே ஓடி, கிளாண்ட் பாக்கிங் கருகும்.

புது வால்வு வாங்குவோர் ஐ.எஸ். 10805 முத்திரையைப் பார்த்து வாங்குவது நல்லது. வால்வுக்கு மேல் 2 அடி நீரும், கீழே கிணற்றுத் தரைக்கு 1 அடி இடைவெளியும் இருக்கட்டும்.