வண்டி ஏன் முன்பக்கம் தாழ்ந்து நிற்கிறது?

கட்டைவண்டியிலும் வில்வண்டியிலும் பயணம் செய்து பார்த்தவர்களுக்கு வில்லின் அருமை நன்றாகத் தெரியும். கட்டைவண்டியில் சாலையின் ஒவ்வொரு கல்லும் முதுகெலும்பில் வந்து இடிக்கும். வில்வண்டியில் அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே உள்ள வளைந்த எஃகுப் பட்டைகள் அந்த இடியின் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும். இன்றைய எஸ்.யு.வி. வண்டிகளில் உள்ளதும் இதே தத்துவம்தான்.

எஸ்.யு.வி. வண்டிகளில் நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை செல்லும் வகையும் உண்டு. இரண்டு சக்கரங்களுக்கு மட்டும் செல்லும் வகையும் உண்டு. பின்சக்கரங்கள் மட்டும் உந்தும் வகையை இங்கே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இத்தகைய வண்டி வைத்திருப்போர் பலர் இரண்டு குறைகளைச் சொல்வதுண்டு. ஒன்று, காலியாக ஓடும்போது பின்பக்கம் தூக்கிப் போடுகிறது. மற்றொன்று, முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் உயர்ந்தும் நிற்கிறது. முன்பக்கத்தைச் சில சென்டிமீட்டர் உயர்த்தி வண்டியைச் சமமாக்கிவிட்டால் இரண்டும் தீரும் என்று நினைக்கிறார்கள். அது சரியா?

வில்லின் கணக்கு

ஒரு வில் மெத்தென்று இருக்கிறதா, விறைப்பாக இருக்கிறதா என்பதை அதன் அலைவு எண்ணைக் கொண்டு அறியலாம். வண்டியின் எடையால் வில் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கி நிற்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5ஐ வகுத்தால், வண்டி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது ஏறக்குறையக் கிடைக்கும். 25 செ.மீ. அமுங்கினால் நொடிக்கு 1 முறை. 11 செ.மீ. மட்டும் அமுங்கினால் 1.5 முறை. நொடிக்கு 1 முதல் 1.5 வரையிலான ஆட்டத்தை நம் உடல் எளிதில் ஏற்றுக்கொள்கிறது. 4 முதல் 8 வரையிலான அதிர்வுதான் அமர்ந்திருப்பவரை மிகவும் வருத்தும். அரை முறைக்கும் குறைவான மந்தமான ஆட்டமோ குமட்டலை உண்டாக்கும்.

இப்போது பின்பக்கத்தைக் கவனியுங்கள். பின் இருக்கையில் ஏறுவோரும் மூட்டை முடிச்சுகளும் பெரும்பாலும் பின் அச்சின் மேல்தான் அமர்கின்றன. காலி வண்டியில் பின்விற்கள் 1,000 கிலோவைத் தாங்குவதாகவும், பாரம் ஏறியபின் 1,400 கிலோவைத் தாங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். அந்த 1,400 கிலோவுக்கும் ஈடுகொடுக்கும்படி வில்லை அமைக்க வேண்டும். ஆகவே காலியாக இருக்கும்போது அது விறைப்பாகவே இருக்கும். காலியில் நொடிக்கு 1.5 முறை ஆடும் பின்பக்கம், பாரம் ஏறியதும் சுமார் 1.27 முறையே ஆடும். கீழே இறங்கிச் சமநிலைக்கும் வந்துவிடும்.

ஆக, முன் தாழ்வும் பின் குலுக்கலும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள். வண்டி இன்னும் ஏறாத பாரத்துக்காகக் காத்து நிற்கிறது.

ஆலி கண்ட உண்மை

முன்வில் மெத்தென்றும் பின்வில் சற்று விறைப்பாகவும் இருப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்திலிருந்து அமெரிக்காவின் காடிலாக் நிறுவனத்துக்குச் சென்ற மாரிஸ் ஆலி என்ற பொறியாளர், 1930களின் தொடக்கத்தில் எடைகளை இடம் மாற்றி வைக்கக்கூடிய ஒரு சோதனைக் காரைச் செய்து ஓட்டிப் பார்த்தார். முன்பக்கம் பின்பக்கத்தைவிட மெதுவாக ஆடினால் பயணம் இதமாக இருப்பதைக் கண்டார்.

காரணம் எளிது. மேட்டின் மேல் முதலில் ஏறுவது முன்சக்கரம். மணிக்கு 72 கி.மீ. வேகத்தில், அச்சுகளுக்கிடையே 2.8 மீட்டர் தொலைவு உள்ள வண்டியில், 0.14 நொடி கழித்தே பின்சக்கரம் அதில் ஏறும். தாமதமாக ஆடத் தொடங்கிய பின்பக்கம் சற்று விரைவாக ஆடினால் முன்பக்கத்தை எட்டிப்பிடித்துவிடும். வண்டி முழுவதும் சேர்ந்து எழுந்து சேர்ந்து இறங்கும். இல்லாவிட்டால் ஏற்றமரம் போல் முன்னும் பின்னும் மாறி மாறித் தலையாட்டும். பின்வில்லை அளவுக்கு மீறி மெத்தென்று ஆக்குவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

உயர்த்தினால் என்ன ஆகும்?

முன்பக்கத்தை உயர்த்தப் பலர் கையாளும் வழி, முன்வில்லின் தலைப்பில் ஓர் உலோக வளையத்தை வைப்பது. இதனால் உயரம் கூடும். ஆனால் வில்லின் விறைப்பு மாறாது. எனவே இதம் கூடுவதற்கு வழியில்லை. மாறாக, சக்கரம் பள்ளத்தில் இறங்குவதற்கு இருந்த இடம் குறையும். சக்கரங்களின் சாய்கோணங்களும் மாறி டயர் ஒருபுறமாகத் தேயும். நான்கு சக்கர விசை வண்டியானால் முன் அச்சுத்தண்டுகளின் மூட்டுகளும் கூடுதலாக வளைந்து வருந்தும். நாம் பார்க்கும் வகையில் அந்தத் தண்டுகள் இல்லை. ஆகவேதான் இந்த வேலை எளிது என்ற எண்ணம் பரவியிருக்கிறது.

ஆனால் முகப்பு விளக்கை நினைத்துப் பாருங்கள். டிம் ஒளி பொதுவாக 10 மீட்டருக்கு 10 செ.மீ. வீதம் தாழும்படி அமைக்கப்பட்டிருக்கும். 2.8 மீட்டர் அச்சுத் தொலைவில் முன்பக்கத்தை 5 செ.மீ. உயர்த்தினால், 10 மீட்டருக்குச் சுமார் 18 செ.மீ. வீதம் ஒளி மேலே திரும்பும். அதாவது, தாழ வேண்டிய ஒளி 10 மீட்டருக்கு 8 செ.மீ. வீதம் ஏறத் தொடங்கும். 50 மீட்டர் தொலைவில் அது விளக்கின் உயரத்துக்கும் மேலே 40 செ.மீ. சென்று, எதிரே வரும் காரோட்டியின் கண்ணில் நேராக விழும். பின்பக்கம் பாரமும் ஏறிவிட்டாலோ சொல்லவே வேண்டாம். இருளில் ஒரு கணம் கண் கூசினால் என்ன நேரும் என்பது உங்களுக்குத் தெரியும்.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் டயரின் காற்றழுத்தத்தைப் பாருங்கள். சரியான அளவு ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டிருக்கும். அதற்கு மேல் காற்றடித்தால் குலுக்கல் கூடும். இதம் வேண்டும் என்று குறைத்தாலோ டயர் சூடேறி ஆபத்தாகும். 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேற்புறம் பிரிந்து விபத்துகளுக்குக் காரணமான சுமார் 65 லட்சம் டயர்கள் திரும்பப் பெறப்பட்டன. அதன்பின் வந்த சட்டத்தால், காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவி அங்கே புதிய கார்களில் கட்டாயமாயிற்று.

அடுத்து, ஷாக் அப்சார்பர் எனப்படும் அதிர்வுத் தணிப்பான். இதற்குள் எண்ணெய் சிறு துளைகள் வழியே பாய்ந்து ஆட்டத்தை அடக்குகிறது. வண்டியின் மூலையை அழுத்தி விடுங்கள். ஒருமுறை எழுந்து நின்றுவிட வேண்டும். பலமுறை ஆடினாலோ, எண்ணெய் கசிந்திருந்தாலோ மாற்றிவிடுங்கள். தேய்ந்த ரப்பர் புஷ்களையும் மாற்றுங்கள். பழைய வண்டியின் குலுக்கல் பெரும்பாலும் இதிலேயே குறைந்துவிடும்.

பிறகு சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளந்து பாருங்கள். காலியாக ஒருமுறை, வழக்கமான பாரத்துடன் ஒருமுறை. பாரத்துடன் சமமாக நின்றால் எதையும் மாற்ற வேண்டாம். இடமும் வலமும் வேறுபட்டால் ஏதோ ஒரு வில் தளர்ந்திருக்கலாம். பாரத்தில் பின்பக்கம் மிகவும் தாழ்ந்தால், பின்விற்களுக்குள் காற்றுப்பை வைத்துத் தேவைக்கேற்ப அழுத்தத்தைக் கூட்டலாம். பிரான்சின் சித்ரோயன் நிறுவனம் 1955இல் வெளியிட்ட டி.எஸ். கார், எண்ணெயையும் வாயுவையும் கொண்டு எந்தப் பாரத்திலும் தானே சமநிலைக்கு வந்தது. உயரம் சமமாகவும் விறைப்பு குறைவாகவும் ஒரே சமயத்தில் வேண்டுமானால் இத்தகைய அமைப்பே வழி.

அப்படியும் முன்பக்கத்தை உயர்த்தித்தான் ஆக வேண்டும் என்பவர், சக்கரக் கோணங்களையும் முகப்பு விளக்கையும் அன்றே சரிசெய்த பிறகே வண்டியைச் சாலைக்குக் கொண்டுவர வேண்டும்.