பேக்-அப் இல்லாததால் 858 டெராபைட் பைல்கள் சாம்பல்: தென்கொரிய அரசு ஊழியர்கள் தவிப்பு

தென்கொரிய அரசு ஊழியர்கள் பல வருடமாக சேர்த்து வைத்திருந்த 858 டெராபைட் கம்ப்யூட்டர் பைல்கள் 2025-ம் ஆண்டு ஒரே தீ விபத்தில் அடியோடு அழிந்து போனது. வெளியே எங்கும் அதற்கு காப்பி இல்லை. அளவு ரொம்ப பெரிசு, அதனால் பேக்-அப் எடுக்க வழியில்லாமல் போய்விட்டது என்பதுதான் அதிகாரிகள் சொன்ன காரணம்.

இதுபற்றிய விவரம் வருமாறு:-

டேஜியோன் நகரில் அரசின் தேசிய கம்ப்யூட்டர் மையம் உள்ளது. செப்டம்பர் 26-ந்தேதி இரவு அங்கு 5-வது மாடியில் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்தது. அப்போது பேட்டரியில் பிடித்த தீ மளமளவென்று பரவியது. அணைக்க சுமார் 22 மணி நேரம் ஆனது. 709 அரசு சேவைகள் முடங்கின. 96 சேவைகளின் எந்திரங்கள் நேரடியாக தீயில் சிக்கின. அதில் ஒன்றுதான் `ஜி-டிரைவ்'.

ஆளுக்கு 30 ஜி.பி.

ஆபீசில் எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவாக ஒரு `நாஸ்' பெட்டி வைப்பார்களே, அதற்கு பெரிய அண்ணன் மாதிரி இது. ஊழியர் ஒருவருக்கு 30 ஜி.பி. இடம். 2018-லேயே, வேலை சம்பந்தப்பட்ட பைல்களை சொந்த கம்ப்யூட்டரில் வைக்காதே, இதில் போடு என்று அரசே விதி போட்டது. சொன்னபடி கேட்ட பணியாளர் நிர்வாக அமைச்சகத்துக்குத்தான் பெருத்த அடி. முறைப்படி கையெழுத்தான ஆவணங்கள் வேறு எந்திரத்தில் இருந்ததால் தப்பியது.

79 நாள் ஆகும்

858 டெராபைட் என்றால் 64 ஜி.பி. மெமரி கார்டு 13 ஆயிரத்துக்கும் மேல் வேண்டும். சாதாரண ஆபீஸ் நெட்வொர்க்கில், அதாவது 1 கிகாபிட் வேகத்தில், நிற்காமல் காப்பி செய்தாலும் 79 நாள் ஆகும். 10 கிகாபிட் என்றால் 8 நாள்.

மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் இந்த பாடு முதல் தடவை மட்டுமே. அப்புறம் தினமும் மாறிய பைல்களை மட்டும் எடுத்தால் போதும். கோடிக்கணக்கான பைல்களில் எது மாறியது என்று தேடுவதே பெரிய வேலை என்பதால், சேமிப்பு எந்திரமே அதை குறித்து வைத்துக்கொள்ளும் வசதியும் வந்துவிட்டது.

டேப் இன்னும் சுலபம். உள்ளங்கை அளவு எல்.டி.ஓ.-9 டேப் ஒன்றில் 18 டெராபைட் பிடிக்கும். 48 டேப் போதும், ஒரு அலமாரி தட்டில் அடங்கிவிடும். அப்படி இருக்க, பெரிசு என்பதால் முடியவில்லை என்ற பேச்சு எடுபடவில்லை.

ஒரே கட்டிடம்

ஒரு டிஸ்க் போனால் இன்னொன்று தாங்கும் `ரெய்டு' இருக்கிறதே என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். தீக்கு அது தெரியாது. டிஸ்க் எல்லாம் ஒரே பெட்டியில்தான். 3 காப்பி, 2 வகை சாதனம், அதில் ஒன்று வேறு ஊரில் என்பது கம்ப்யூட்டர்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு.

பேக்-அப் எடுக்கும் புரோகிராமே கெடுத்த கதையும் உண்டு. 2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், பழைய பதிவுகளை அழிக்க வேண்டிய புரோகிராம் தவறுதலாக நல்ல பைல்களை அழித்தது. போனது 77 டெராபைட், 3 கோடியே 40 லட்சம் பைல்கள். பாதிக்கப்பட்ட 14 ஆராய்ச்சி குழுக்களில் 4 குழுக்களின் பைல்களை பேக்-அப்பில் இருந்தும் மீட்க முடியவில்லை.