'அந்த நாள்': வாக்குமூலமும் பாடலின்மையும்

தமிழின் முதல் இருண்மைக் குற்றப்படமாகக் கருதப்படுவது, ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கி 1954-இல் வெளிவந்த 'அந்த நாள்'. பாடலோ நடனமோ இல்லாத இப்படத்தில், அவ்வின்மை கதையமைப்பின் தேவையே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய சூழலே கதைக்களம். வானொலிப் பொறியாளர் ராஜன் (சிவாஜி கணேசன்) தொடக்கக் காட்சியிலேயே சுடப்பட்டு இறக்கிறான். விசாரிக்கப்படுவோர் ஒருவர்மீது ஒருவர் ஐயத்தைத் திருப்புகின்றனர்.

இவ்வடிவத்திற்குத் தூண்டுதல் அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950). அதில் ஒரே நிகழ்வு பற்றிய கூற்றுகள் முரண்பட, உண்மை எட்டாமலே நிற்கிறது. 'அந்த நாள்' உண்மையை எட்டுகிறது: ராஜன் ஜப்பானுக்காக உளவு பார்த்தவன்; அவன் இறந்தது நாட்டுப்பற்றுமிக்க மனைவி உஷாவின் (பண்டரிபாய்) கையால். ஆக, கதையில் எதிரியாக வரும் ஜப்பானே கதை சொல்லும் முறைக்கு முன்மாதிரியாகிறது.

வாக்குமூலத்தைக் கேட்பவர் ஒவ்வொரு சொல்லையும் ஐயத்துடன் அணுகவேண்டும். பாடலோ உணர்ச்சியை நம்பச் செய்வது. அது நுழைந்தால் ஐயம் தளரும். இசைக் கலைஞரான பாலசந்தரே பாடலை விலக்கியது இதனாற் பொருள் பெறுகிறது. ஐயம் தீர்ந்தபின்பும் ஒரு வினா எஞ்சுகிறது: நாட்டைக் காத்தவளே கணவனைக் கொன்றவளுமாக நிற்கையில், தீர்ப்பு யாருக்குரியது?