வாய் வறட்சிக்குப் பிலோகார்பைன் மாத்திரை

வாய் அல்லது கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்ற பலருக்கு, சிகிச்சை முடிந்து மாதக்கணக்கில் ஆன பின்னும் வாய் உலர்ந்தே இருக்கும். சோறு தொண்டையில் இறங்காது. இரவில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். நலமாக உள்ள ஒருவருக்கு ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. கதிர்வீச்சு அந்தச் சுரப்பிகளைப் பாதித்துவிடுகிறது. கண்ணும் வாயும் சேர்ந்து உலரும் ஷோக்ரன் நோயிலும் இதே தொல்லை உண்டு.

இவர்களுக்கு மருத்துவர் பிலோகார்பைன் மாத்திரையை எழுதித் தரலாம். இதன் மூலப்பொருள் தென்னமெரிக்காவில் வளரும் ஒரு செடியின் இலையிலிருந்து 1875இல் பிரித்தெடுக்கப்பட்டது. இது சுரப்பிகளை நேரடியாகத் தூண்டுகிறது. எனவே உயிரோடு எஞ்சியிருக்கும் சுரப்பியில்தான் இது வேலை செய்யும். முற்றிலும் அழிந்த சுரப்பியை மீட்காது.

எப்படிச் சாப்பிடுவது?

வழக்கமாக 5 மில்லிகிராம் மாத்திரை ஒன்று, நாளுக்கு மூன்று வேளை. உங்கள் அளவை மருத்துவரே முடிவு செய்வார். சாப்பிட்ட ஒரு மணி நேரத்திற்குள் வாயில் ஈரம் தெரியும். சில மணி நேரம் நீடிக்கும். நெய்ச்சோறு, பொரித்த கறி போன்ற கொழுப்பு மிகுந்த உணவுடன் சாப்பிட்டால் மருந்து மெதுவாகவே உடலில் சேரும். கதிர்வீச்சுக்குப் பிறகு சாப்பிடுபவர்களுக்கு முழுப் பலன் தெரியப் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். இரண்டே வாரத்தில் “இது பிடிக்கவில்லை” என்று நிறுத்திவிடாதீர்கள். ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளை இரண்டாகச் சாப்பிட வேண்டாம்.

வியர்வை

இந்த மருந்து உமிழ்நீர்ச் சுரப்பியை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. வியர்வைச் சுரப்பியையும் தூண்டும். அதிகம் வியர்ப்பதுதான் இதன் பொதுவான பக்கவிளைவு. நம் நாட்டு வெயிலில் இது சிறிய விஷயமல்ல. பத்துமலைக்கு நடந்து போகும் நாளிலோ கிள்ளான் சந்தையில் நெடுநேரம் நிற்கும் நாளிலோ தண்ணீர்ப் போத்தல் கையில் இருக்கட்டும். இதய நோய் அல்லது சிறுநீரக நோயால் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டும். அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றலாம், குமட்டலும் வரலாம். மங்கலான வெளிச்சத்தில் பார்வை தெளிவிழக்கக்கூடும் என்பதால், கூட்டரசு நெடுஞ்சாலையில் இரவில் வாகனம் ஓட்டுபவர்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

கட்டுப்பாட்டில் இல்லாத ஆஸ்துமா, கண்ணின் கருவிழிப்படல அழற்சி, குறுங்கோணக் கண் அழுத்த நோய் ஆகியவை இருப்பவர்களுக்கு இந்த மாத்திரை கூடாது. இதயக் கோளாறு, கல்லீரல் நோய், பித்தக்கல், சிறுநீரகக் கல் இருந்தாலும், இரத்த அழுத்தத்திற்குப் பீட்டா தடுப்பு மருந்து சாப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். பிலோகார்பைன் கண் சொட்டு மருந்தும் உண்டு. அதை வாயில் விடக்கூடாது.

வெற்றிலை பாக்கு வேண்டாம்

இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே அதிகம். அவர்களுள் பெண்கள் பலர். வெற்றிலை பாக்குப் பழக்கம் இதற்கு முக்கியக் காரணம். சிகிச்சைக்குப் பிறகு வாய் உலரும்போது, “கொஞ்சம் பாக்குப் போட்டால் எச்சில் ஊறுமே” என்று பாட்டிமார்களுக்குத் தோன்றும். ஊறும் என்பது உண்மைதான். பாக்கிலுள்ள அரிகோலின் என்ற பொருள், பிலோகார்பைனைப் போலவே சுரப்பிகளைத் தூண்டுகிறது. ஆனால் புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வகைப்படுத்தியது. எச்சில் ஊற மாத்திரை இருக்கும்போது பாக்கைத் தேட வேண்டியதில்லை.

அசாம்போயை வாயில் அடக்கிக்கொள்வதும் நல்லதல்ல. எச்சில் இல்லாத வாயில் புளிப்பும் சீனியும் பல்லை விரைவில் அரித்துவிடும். சீனியில்லாத சூயிங்கம் மெல்லலாம். கதிர்வீச்சு பெற்றவர்கள் பல் பிடுங்கும் முன் அதைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். தாடை எலும்பு ஆறாமல் போகக்கூடும்.

ஒவ்வாமை, மனச்சோர்வு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான சில மருந்துகளாலும், இனிப்புநீர் கட்டுக்குள் இல்லாததாலும் வாய் உலரலாம். அவர்களுக்கு வேறு தீர்வு இருக்கும். ஆகவே உங்கள் மாத்திரையைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்காதீர்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு அடுத்த முறை மருந்தாளரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள்.