மாளிகை வந்தது, மனம் வந்ததா?

கையடக்கமான ஒரு பதுமை உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்து வேண்டிக்கொண்டால் தேவி எதிரே தோன்றுவாள். கேட்டதைக் கொடுத்துவிட்டு மறைந்து போவாள். என்ன கேட்பீர்கள்? முதலில் மளிகைக் கடைப் பாக்கி தீர வேண்டும் என்பீர்கள். அப்புறம் மாடியிலே ஓர் அறை, பெண்ணுக்கு நாலு வளையல், பிள்ளைக்கு நல்ல உத்தியோகம் என்று ஜாபிதா நீண்டுகொண்டே போகும். இதில் பேராசை ஒன்றும் இல்லை. குடும்பம் என்றால் அப்படித்தான்!

இப்படிப்பட்ட ஒரு பதுமையை நடுவிலே வைத்து 1951-ம் வருஷம் விஜயா புரொடக்ஷன்ஸார் வெளியிட்ட படம்தான் ‘பாதாள பைரவி’. பத்திரிகை படிக்கும் குடும்பங்களுக்கு அந்தக் கம்பெனியார் அந்நியர் அல்ல. நாகி ரெட்டியும் சக்ரபாணியும்தான் 1947-ல் ‘அம்புலிமாமா’வைத் தொடங்கி, வீடுதோறும் மந்திரவாதிகளையும் ராஜகுமாரிகளையும் அனுப்பி வைத்தவர்கள். தெலுங்கிலும் தமிழிலும் வந்த இந்தப் படத்தை டைரக்ட் செய்தவர் கே. வி. ரெட்டி. தமிழ் வசனம் தஞ்சை ராமையா தாஸ். சங்கீதம் கண்டசாலா. 1952-ல் இந்தியாவில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் தென்னாட்டின் சார்பில் காட்டப்பட்ட படம் இது ஒன்றுதான்.

கதை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். உஜ்ஜயினியில் தோட்டக்காரனின் மகன் ராமன், வீரன். அவன் ராஜகுமாரி இந்துமதியிடம் மனத்தைப் பறிகொடுக்கிறான். அவளுக்கும் அவன்மேல் ஆசை. ராஜாவோ, “எனக்குச் சமமான செல்வத்தோடு வா, பெண்ணைத் தருகிறேன்” என்று சொல்லிவிடுகிறார். செல்வம் தேடிப் புறப்பட்டவன் நேபாள மந்திரவாதியின் கையில் சிக்குகிறான். பாதாள பைரவிக்கு அவனைப் பலி கொடுத்துப் பதுமையை அடைவது மந்திரவாதியின் திட்டம். ராமன் முந்திக்கொண்டு மந்திரவாதியையே பலி கொடுத்துவிடுகிறான். பதுமை அவனுக்குக் கிடைக்கிறது, மாளிகை எழும்புகிறது, கல்யாண ஏற்பாடும் நடக்கிறது. ஆனால் மந்திரவாதிக்கு ஒரு சிஷ்யன் இருக்கிறானே! அவன் குருவை உயிர்ப்பித்துவிடுகிறான். பிறகு என்ன? பதுமை களவு போகிறது. மாளிகையும் போகிறது, அதற்குள் இருந்த இந்துமதியும் போகிறாள்.

ஆலங்காயத்தில் ஒரு மாலை

இந்தப் படத்தை அண்மையில் ஜவ்வாது மலை அடிவாரத்திலுள்ள ஆலங்காயத்தில், உறவினர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்த ஆயா ஒரு பக்கம். கல்லூரியில் படிக்கும் பேத்தி ஒரு பக்கம். கறுப்பு வெள்ளைப் படம், அதுவும் ஏறக்குறைய மூன்று மணி நேரம் என்றதும் பேத்தி முகத்தைச் சுளித்தாள்.

எழுபது வருஷத்துக்கு மேற்பட்ட படத்தில் என்ன இருக்கப் போகிறது என்று நீங்களும் கேட்கலாம். ஆனால் பழைய ஒளியைப் பார்ப்பது அந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஆலங்காயத்திலிருந்து மலைப்பக்கம் போனால் காவலூர் வானாய்வுக்கூடம். 1986-ல் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட 93 அங்குலத் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. மக நட்சத்திரத்தின் ஒளி நம்மை வந்தடையச் சுமார் 79 வருஷம் பிடிக்கிறது. அதோடு ஒப்பிட்டால் நம் படம் சிறுபிள்ளைதானே!

படம் ஓட ஆரம்பித்ததும் பேத்தி மாயக் காட்சிகளைக் குடைய ஆரம்பித்தாள். “கம்ப்யூட்டர் இல்லாம எப்படி எடுத்தாங்க?” என்று கேட்டாள். அந்தக் காலத்து வழி இதுதான்: லென்ஸில் ஒரு பாதியை மறைத்து ஒரு காட்சியை எடுப்பார்கள். பிலிமைப் பின்னுக்குச் சுற்றி, மறு பாதியை மறைத்து, அதே பிலிமில் இன்னொன்றை எடுப்பார்கள். ஓடுகிற காமிராவை நிறுத்தி, ஆளை அகற்றிவிட்டு மறுபடி ஓட்டினால் ஆள் மாயமாய் மறைந்துவிடுவார்! கை சற்றே நடுங்கினாலும் எல்லாம் கெட்டுப்போகும். காமிராவைப் பிடித்தவர் மார்க்கஸ் பார்ட்லி. ஆறு வருஷம் கழித்து ‘மாயா பஜா’ரில் லட்டுகளைத் தாமாகவே ரங்கராவின் வாய்க்குள் போகச் செய்தவரும் இவரேதான்.

தந்திரம் எல்லாம் புரிந்துவிட்ட பிறகும் பேத்தி எழுந்து போகவில்லை. காரணம் எஸ். வி. ரங்காராவ்! நேபாள மந்திரவாதியாக வந்த அவருக்கு அப்போது வயது முப்பத்திரண்டோ முப்பத்து மூன்றோதான். அந்தக் கண்ணும் புருவமும் குரலும் எந்த யந்திரத்தில் வரும்? கதாநாயகன் என். டி. ராமராவ், பின்னாளில், 1983-ல், ஆந்திராவின் முதல் மந்திரியானவர். அவருடைய வாள்வீச்சும் அழகுதான். ஆனாலும் கண் என்னவோ மந்திரவாதியின் பக்கமே போகிறது.

தாடி போன காரணம்

சின்ன வயதில் பார்த்தபோது நமக்குப் பூதமும் பதுமையும்தான் பெரிதாகத் தெரிந்தன. இப்போது பார்த்தால் வேறொன்று தெரிகிறது. மாளிகையை அடியோடு பெயர்த்துக்கொண்டு போகிற மந்திரவாதிக்கு, அந்த மாளிகைக்குள் இருக்கும் ஒரு பெண்ணிடமிருந்து “சரி” என்ற ஒரு வார்த்தையைப் பெற முடியவில்லை! ஆசை காட்டுகிறான், மிரட்டுகிறான், ஒன்றும் பலிக்கவில்லை. அவனுடைய சக்தியெல்லாம் தாடியில் இருக்கிறது. தாடியை எடுத்தால் இளவரசிக்குப் பிடிக்கும் என்று அவனை நம்ப வைக்கிறார்கள். மகா மந்திரவாதி, பாவம், தாடியை மழித்துக்கொண்டு நிற்கிறான்! அவனை முதலில் வீழ்த்தியது வாள் அல்ல, இந்துமதியின் “மாட்டேன்”தான்.

இந்த இடத்தில்தான் பேத்தி ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏன் ஆயா, மந்திரவாதியாவது அவகிட்ட கேட்டுக்கேட்டு நிக்கறான். அந்த ராஜா, பெத்த அப்பா, செல்வம் கொண்டுவான்னு ராமன்கிட்டதானே சொன்னாரு? பொண்ணை ஒரு வார்த்தை கேக்கவேயில்லையே?”

ஆயா சிரித்தாள். “எங்க காலத்துல யாருடி கேட்டாங்க? மாப்பிள்ளைக்கு நாலு காணி நிலம்னாங்க. ஜாதகம் பொருந்திப்போச்சுன்னாங்க. தாலி கட்டறப்பதான் அவரு முகத்தைப் பார்த்தேன்.”

அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். சுவாமி படத்தின் கீழே மஞ்சள் தடவிய ஒரு ஜாதகம் இருந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு, கார், பெரிய சம்பளம். நல்ல இடம், மறுநாள் பதில் சொல்லியாக வேண்டும்.

படம் முடிந்ததும் ஆயா மகனைக் கூப்பிட்டாள். “ஏம்பா, அவங்களுக்கு போன் பண்றதுக்கு முன்னால பொண்ணை ஒரு வார்த்தை கேட்டியா? பிடிக்கலேன்னு சொன்னா விட்டுடணும். அப்படிக் கேக்கறதா இருந்தா கேளு; இல்லேன்னா கேக்காதே” என்றாள்.

பெண் என்ன பதில் சொன்னாள் என்று அறிய உங்களுக்கு ஆவலாகத்தான் இருக்கும். ஆனால் அது அவளுடைய சொந்த விஷயம், பத்திரிகையில் போடுவதற்கில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக உட்கார்ந்து இந்தப் படத்தைப் பாருங்கள். குழந்தைகள் பூதத்தைப் பார்த்துக் கைகொட்டட்டும். பெரியவர்கள் ரங்காராவைப் பார்த்துச் சொக்கட்டும். ஆனால் தாடி மழிக்கும் கட்டம் வரும்போது, அருகிலிருக்கும் உங்கள் பெண்ணின் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அவளிடம் கேட்க வேண்டிய கேள்வி ஏதாவது பாக்கி இருக்கிறதோ, என்னவோ!