ஒழுகுங் குழாயும் அதனைச் செப்பனிடும் முறையும்

சிறு பழுதென்று இகழப்படுவனவே நாளடைவிற் பெருங் கேடாய் முடிதலை உலகில் எங்குங் காண்கின்றோம். ஏரிக்கரையில் நண்டு அகழ்ந்த வளையையும், கூரையிற் சரிந்த ஓர் ஓட்டையும் உரிய காலத்திற் கவனியாதவர் பின்னர் வருந்துவர். அடுக்களைக் குழாயினின்று இரவெல்லாஞ் சொட்டும் நீரும் இவ்வினத்தைச் சார்ந்ததே. அதன் காரணத்தை அறியும் வகையையும், அதனைத் தீர்க்கும் வழியையும் இங்குச் சுருக்கமாக ஆராய்வோம்.

கோவை மாநகரின் வடபால், சத்தியமங்கலஞ் செல்லும் நெடுஞ்சாலையின்கண் அமைந்த சரவணம்பட்டி, முன்னாளிற் புன்செய்க் காடுகள் சூழ்ந்த சிற்றூராய் இருந்தது. 2011-ஆம் ஆண்டில் அது மாநகராட்சியோடு இணைக்கப்பெற்றது. கணிப்பொறித் தொழிலை நாடி வந்தோர் வாழும் அடுக்குமாடி வீடுகள் இன்று அங்கு மலிந்துள்ளன. குடமும் தோண்டியும் வீற்றிருந்த அடுக்களைகளில், வெந்நீரையும் தண்ணீரையும் ஒரே மூக்கின் வழியாகக் கலந்து தரும் ‘மிக்ஸர்’ குழாய் இடம் பெற்றுவிட்டது. குழாய் புதியதாயினும் நீர் எளிதில் வருவதன்று. மாநகருக்குரிய நீர் சிறுவாணியினின்றும், பவானியாற்றின் பில்லூர் அணையினின்றும் நெடுந்தூரங் கடந்து வருகின்றது. அது போதாத இடத்து ஆழ்குழாய்க் கிணற்று நீரை மின்சாரத்தால் இறைத்து மேனிலைத் தொட்டியில் ஏற்றுகின்றோம்.

இங்ஙனம் அரிதிற் பெற்ற நீர் எவ்வளவு வீணாகின்றதென்பதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. நான்கு சொட்டுகள் சேர்ந்து ஒரு மில்லி லிட்டர் ஆகுமென்று கொள்வோம். நொடிக்கொரு சொட்டு வீழின், நாளொன்றுக்கு 86,400 சொட்டுகள்; அஃதாவது 21½ லிட்டருக்குச் சற்று மேல். ஓராண்டிற் சேர்வது 7,800 லிட்டருக்கு மேற்பட்டதாகும். பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களில் ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது இந்திய அரசினர் வகுத்த அளவு. எனவே, ஒழுகும் குழாய் ஒன்று ஒரு மனிதருக்கு 58 நாட்களுக்குரிய நீரை ஆண்டுதோறும் சாக்கடைக்கு ஈகின்றது. சொட்டுவது வெந்நீராயின், அதனைக் காய்ச்சிய மின்சாரமும் உடன் போயிற்று.

குழாயின் அமைப்பு

பழுதை அறிய விரும்புவோர் முதற்கண் அமைப்பை அறிதல் வேண்டும். 1845-ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து ராதரம் நகரிலிருந்து திருகுகுழாய் வெளிவந்தது. கைப்பிடியைத் திருகுந்தோறும் ஒரு தண்டு கீழிறங்கி, அதன் அடியிலுள்ள ‘வாஷரை’ நீர்வழியின் விளிம்பில் அழுத்தும். வாஷர் தேய்ந்தால் இன்னுஞ் சிறிது முறுக்கியவுடன் ஒழுக்கு நிற்கும். ‘ஒழுகினால் இறுக முறுக்கு’ என்னும் பழக்கம் நம்மவர் கையில் ஊறியது இக்குழாயினாலேயாம்.

ஒற்றைக் கைப்பிடியால் இருவகை நீரையும் ஆளுங் குழாயின் வரலாறு வேறு. 1937-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவராயிருந்த ஆல்பிரட் மோயன் என்பார், இரு கைப்பிடிக் குழாயிற் கைகழுவுங்கால் வெந்நீர் திடீரெனப் பாய்ந்து துன்புற்றார். அத்துன்பமே அவரைச் சிந்திக்கத் தூண்டிற்று. பத்தாண்டு கழித்து, 1947-இல், அவரது ஒற்றைக் கைப்பிடிக் குழாய் விற்பனைக்கு வந்தது.

இக்காலத்து மிக்ஸர் குழாய்களிற் பெரும்பாலானவற்றின் உள்ளே ‘கார்ட்ரிட்ஜ்’ என்னும் சிறு பேழை உள்ளது. அதனுள் பீங்கான் போன்ற கடும்பொருளாலாகிய இரு வட்டத்தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். கீழ்த்தகடு அசையாது, மேற்றகடு கைப்பிடியோடு நகரும். இரண்டன் துளைகளும் நேர்ப்பட்டால் நீர் வரும், விலகினால் நிற்கும். நீரைத் தடுப்பது அழுத்தமன்று, தகடுகளின் வழவழப்பேயாம். ஆதலின், இக்குழாயை இறுக முறுக்குவதனால் ஒழுக்கு நில்லாது. கைப்பிடி தளர்தலும் பேழை விரிதலுமே பயனாகும். பழைய குழாய் கற்பித்த பழக்கம் புதிய குழாய்க்குப் பகையாதலை ஈண்டு உணர்க.

பழுதின் இடத்தை அறிதல்

குழாயையும் ‘சிங்க்’ தொட்டியின் அடிப்புறத்தையும் துணியால் நன்கு துடைத்து உலர்த்தி, கீழே பழைய செய்தித்தாளை விரித்து வைக்கவேண்டும். ஈரம் முதலில் எங்குத் தோன்றுகின்றதோ அதுவே பழுதின் இடத்தைக் காட்டும்.

குழாயை மூடிய பின்னும் மூக்கின் நுனியிற் சொட்டு இடைவிடாது வீழின், குற்றம் கார்ட்ரிட்ஜில் உள்ளது. வளைந்த மூக்கினுள் தேங்கிய நீர் மூடியவுடன் சிறிது நேரம் சொட்டுதல் இயல்பு. அதனைப் பழுதென்று கருதற்க. கைப்பிடியின் அடியில் நீர் கசியின், கார்ட்ரிட்ஜை இறுத்தும் மரை தளர்ந்தது அல்லது அதன் ரப்பர் வளையம் தேய்ந்தது. மூக்கு சுழலும் இடத்திற் கசியின், அங்குள்ள ‘ஓ-ரிங்’ வளையங்கள் பழுதுற்றன. நீர் திறந்திருக்கும்போது நுனியிலுள்ள சல்லடையினின்று பக்கவாட்டிற் சிதறின், அச்சல்லடை அடைபட்டது. சிங்கின் அடியில் ஈரம் காணின், இணைப்புக் குழாய்களின் வாஷரையும் ஆங்கிள் வால்வையும் ஆராய்க.

இரு கைப்பிடியுள்ள குழாயாயின், எப்பக்கம் பழுதென்பதையும் அறிதல் வேண்டும். வெந்நீர்ப் பக்கத்து வால்வை மட்டும் மூடுக. சொட்டு நின்றால் குற்றம் அப்பக்கத்தது. நில்லாதாயின் மற்றதை மூடிப் பார்க்க. ஒரு பக்கத்திற்கு மட்டும் புதிய உறுப்பு வாங்கினாற் போதுமென்பது இதனாற் பெறும் இலாபம்.

பெரும்பாலும் வெந்நீர்ப் பக்கமே முந்திக் கெடும். கிணற்று நீரிற் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட்டு என்னும் உப்பு, வெப்பத்தாற் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாய்ப் படியும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியிற் காணும் வெண்படலம் இதுவே. இவ்வுப்பும், தொட்டியின் அடியிலிருந்து வரும் நுண்மணலும் தகடுகளின் இடையிற் புகுந்து கீறல் உண்டாக்குகின்றன.

செப்பனிடும் முறை

வேண்டும் கருவிகள் சிலவே: திருப்புளி, ஸ்பானர், ஆறுமூலைச் சாவியாகிய ஆலன் கீ, துணி ஆகியன. முதலாவது, கீசரின் மின்சாரத்தை நிறுத்துக. பின்னர் இருபக்கத்து வால்வுகளையும் மூடுக. சுவரிற் பதித்த குழாயாய் அவ்வால்வுகள் இல்லையாயின், மேனிலைத் தொட்டியினின்று வரும் வால்வை மூடுக. குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடித்துவிடுக. சிங்கின் துளையைத் துணியால் அடைத்தல் மறவற்க. கைதவறிய சிறு திருகு சாக்கடையிற் போய்விடின் வேலை முழுதும் நின்றுபோம்.

இரண்டாவது, கைப்பிடியிலுள்ள சிவப்பு நீலக் குறிவில்லையை மெல்ல நெம்பி எடுத்து, உள்ளிருக்கும் திருகைத் தளர்த்திக் கைப்பிடியைக் கழற்றுக. அதன் கீழுள்ள மூடியைத் துணி சுற்றித் திருகி எடுத்து, இறுத்தும் மரையை ஸ்பானரால் தளர்த்துக. கார்ட்ரிட்ஜை வெளியே எடுக்குமுன் அது எப்பக்கம் நோக்கி அமர்ந்துள்ளதென்பதைக் குறித்துக்கொள்க.

மூன்றாவது, பழைய கார்ட்ரிட்ஜையே கடைக்குக் கொண்டு செல்க. ஒற்றைக் கைப்பிடிக் குழாய்களில் 35 மில்லி மீட்டர், 40 மில்லி மீட்டர் என்னும் அளவுகள் பெருவழக்கு. ஆயினும் அளவு ஒத்தும் அடியமைப்பு ஒவ்வாதிருத்தல் உண்டு. பழையதைக் காட்டி வாங்குவார்க்கு இரண்டாம் நடை இல்லை.

நான்காவது, குழாயின் உட்குழியிற் படிந்த உப்பையும் மணலையும் துடைத்து நீக்குக. புதிய கார்ட்ரிட்ஜின் அடியிலுள்ள முளைகள் உரிய துளைகளிற் பொருந்துமாறு வைத்து, மரையை அளவோடு இறுக்குக. ஓ-ரிங் மாற்றுவோர் அதன்மீது சிலிக்கான் மசகைச் சிறிது தடவலாம். வண்டிக்கிடும் மசகு ஆகாது. அது சிலவகை ரப்பரை உப்பச் செய்து கெடுக்கும்.

ஐந்தாவது, மூக்கின் சல்லடையைக் கழற்றி எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் அரைமணி நேரம் ஊறவைத்துத் தேய்த்துக் கழுவுக. அச்சாற்றின் புளிப்பு உப்பைக் கரைக்கும். குழாயின் மெருகிட்ட மேற்புறத்தில் அதனை நெடுநேரம் தங்கவிடலாகாது. சல்லடையை மாட்டுமுன் வால்வுகளை மெதுவாய்த் திறந்து, காற்றும் மண்ணும் வெளியேற விடுக. முடிவில் மீண்டும் எல்லாவற்றையும் துடைத்து, ஒரு மணி நேரம் செய்தித்தாளைச் சோதிக்க. தாள் உலர்ந்திருப்பின் கீசருக்கு மின்சாரம் விடலாம்.

மரை அசைய மறுப்பினும், குழாயின் உடலிற் கீறல் காணினும், சுவரினுள் ஈரம் பரவினும் வலிந்து முயலாமற் பிளம்பரை அழைத்தலே அறிவுடைமை. தொட்டியை உரிய காலங்களிற் கழுவி மணலை நீக்குதல் பழுது மீளாமைக்கு வழியாகும்.

கல்லூரியிற் பயிலும் நாம், நீரின் அழுத்தத்தையும் உப்புகளின் இயல்பையும் நூல்வழிக் கற்கின்றோம். அக்கல்வி வீட்டு அடுக்களையிற் பயன்படாதாயின் ஏட்டுச் சுரைக்காயாய் ஒழியும். கைவேலையை இழிவென்று கருதாது, காரணத்தை முன்னும் கருவியைப் பின்னும் நாடுவார்க்கு ஒழுகுங் குழாயும் ஓர் ஆசிரியனாகும். விடுமுறையில் இல்லஞ் செல்லும் மாணவர், அடுக்களையில் ஒரு செய்தித்தாளை விரித்து இச்சோதனையைத் தொடங்குவாராக.